மறதி நோயைத் தள்ளிப்போட: கொங்கு வீடுகளுக்கான செய்முறைக் குறிப்பு

மறதி நோய்க்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கை நீளுவது வல்லாரைப் பொடி டப்பாவை நோக்கித்தான். அதே அலமாரியின் மேல்தட்டில், மகன் வாங்கிக் கொடுத்த பிரஷர் மெஷின் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வராமல் கிடக்கும். இந்தக் குறிப்பு அந்த மெஷினை வெளியே எடுப்பதில் தொடங்குகிறது.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது ஊர் மொத்தத்துக்குமான கணக்கு. தனி ஒருவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நோய் வரலாம். பரம்பரையும் வயதும் நம் கையில் இல்லை. ஆனால் 72இல் வரவேண்டியது 78இல் வந்தால், இடையில் இருக்கும் அந்த ஆறு வருடம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது என்பது பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் அல்சைமர் வகையில், முதல் அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இது தாத்தாவுக்கு மட்டுமான குறிப்பு இல்லை. தாத்தாவைக் கவனித்துக்கொள்கிற 45 வயதுக்காரருக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

பிரஷர்: அளப்பதில்தான் பாதித் தப்பு

மூளைக்குள் போகும் ரத்தக்குழாய்களில் மிக மெல்லியவை முடியைவிட மெலிந்தவை. வருடக்கணக்கில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் அவை தடித்து, அடைத்து, ஆங்காங்கே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பக்கவாதங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகத் தெரியாது. சேர்ந்தால் யோசனை மந்தமாகும், நடை தடுமாறும். 40 வயதிலிருந்தே மேல் அளவை 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், 120க்குக் கீழே என்ற இலக்கோடு சிகிச்சை பெற்றவர்களுக்கு, 140க்குக் கீழே என்ற இலக்கு வைத்தவர்களைவிட லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது.

வீட்டில் அளக்கும் முறை இது. மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, காபி, பீடி, புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் நாற்காலியில், கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சின் உயரத்துக்கு வைத்து, பட்டையை வெறும் தோலின்மேல் கட்டவும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன்பும், சாயங்காலமும், ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தொட்டாலே பிரஷர் இருக்கிறது என்று பொருள். கொழுத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும், கையைத் தொங்கவிட்டாலும் ஏறும். அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் "எவ்ளோங்க வருது?" என்று கேட்டு, இவர் பதில் சொன்னாலும் ஏறும்.

அடுத்த தப்பு, அளவு 124க்கு வந்ததும் "இப்ப நார்மல் ஆயிருச்சுங்க" என்று மாத்திரையை நிறுத்துவது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும், அதுவும் சத்தமில்லாமல். மாத்திரை தீர்ந்து, டவுனுக்குப் போக ஆள் இல்லாமல் விட்டுப்போவதுதான் காரணம் என்றால், தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

70 தாண்டியவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை: உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நிற்க வைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்கவும். மேல் அளவு 20க்கு மேல் விழுந்தால் அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி எழுந்து பொடக்காலிக்கு (வீட்டின் பின்பக்கத்துக்கு) போகும்போது விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உப்பைத் தனியாக அளக்க வேண்டியதில்லை, பாக்கெட்டை எண்ணினால் போதும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு தட்டையான டீஸ்பூன். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் காலியாகிறது என்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரி பப்ஸ் எல்லாம் அதற்கு மேலே. பொட்டாசியம் சேர்த்த குறைசோடிய உப்பு நல்ல மாற்றுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும்.

காது: நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

லான்செட் பட்டியலில் காது கேளாமைக்கு 7 சதவீதப் பங்கு. கெட்ட கொழுப்புக்கும் அதே அளவு. இவை இரண்டுமே முதலிடம். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று விசைத்தறி ஓடும் ஊர்கள் நிறைந்த பகுதியில் இந்தப் பங்கை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தறிக்கொட்டகையில் 20 வருடம் நின்றவருக்கு 50 வயதில் "க", "ச", "த" எழுத்துகள் மங்கிவிடும். பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. "என்ன?" என்று நாலு தடவை கேட்டுச் சலித்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிடுவார். கல்யாண வீட்டில் மூலையில் உட்காருவார். அங்கிருந்து தனிமை தொடங்குகிறது. மூளையும், அரைகுறையாக வந்து சேரும் ஒலியை ஊகிப்பதிலேயே சக்தியைச் செலவழித்துவிடுவதால், கேட்டதை நினைவில் பதிக்க மிச்சம் இருப்பதில்லை.

தறி இன்னும் ஓட்டுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது: ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது. பாதுகாப்பாக எட்டு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு அதுதான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது அனேகமாக வெறும் மனசாந்திக்குத்தான். நூல் தூசி உள்ளே போகாது, சத்தம் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக்கை இப்படிப் போடவும்: கையைக் கழுவி, பிளக்கை விரல்களுக்கு இடையில் மெல்லிய பென்சில்போல உருட்டி இறுக்கவும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, பிளக்கை உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருக்கவும். நேரே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குப் பிளக் பெரிதாகத் தெரிந்தால் சரியாக உள்ளே போகவில்லை. மடலை இழுக்காமல் அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. காதுக்குழாய் வளைந்தது, இழுத்தால்தான் நேராகும்.

கேட்பது ஏற்கெனவே குறைந்திருந்தால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மெழுகு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை எடுத்தாலே பாதி சரியாகிறவர்கள் உண்டு. காதில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சீழ் வைக்கும். பிறகு கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம். அந்தத் தாளில் வரும் கோட்டைப் பார்த்துத்தான் காதுக்கருவியின் ஒலி அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாக வரும் கருவிகளில் பல, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்குகிறவை. அதில் சாப்பாட்டு வட்டல் விழும் சத்தம் இடிபோலக் கேட்கும், பேச்சு மட்டும் புரியாமலே இருக்கும்.

காதுக்கருவி உதவுமா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிரஷர், சர்க்கரை போன்ற ஆபத்துகள் கூடுதலாக இருந்த பிரிவில் நினைவாற்றல் சரிவு 48 சதவீதம் மெதுவானது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் அந்தப் பிரிவில்தான் வருவார்கள்.

வாங்கிய கருவி மேசை இழுப்பறைக்குப் போவது பெரும்பாலும் முதல் வாரத்தில். பல வருடமாகக் கேட்காத ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் ஒரேயடியாக வந்து அடிப்பதால் தலைவலிக்கும். அதனால் முதல் வாரம் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், ஒருவரோடு மட்டும் பேச்சு. பிறகு டிவி. அதன் பிறகு சாப்பாட்டு நேரம். மூன்று, நாலு வாரம் கழித்துத்தான் சந்தையும் கோயிலும். கருவி கூவினால் காதுக்குள் பொருந்தும் மோல்டு சரியாக அமரவில்லை அல்லது மெழுகு அடைத்திருக்கிறது. சின்ன பேட்டரியின் ஸ்டிக்கரை எடுத்ததும் உடனே போடாமல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப்பட வைத்தால் முழுச் சக்தியோடு ஓடும். வியர்வை நாட்களில் ராத்திரி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கவும். வீட்டில் இருப்பவர்கள் சமையலறையிலிருந்து கத்தாமல் எதிரே வந்து, மூன்றடி தூரத்தில், முகம் தெரியப் பேச வேண்டும். அதைச் செய்யாத வீட்டில் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கருவியும் தோற்கும்.

கண்ணைப் பற்றி இரண்டு வரி: கண்புரை பழுக்கட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்து யோசனை. அமெரிக்காவில் 3,000 பேரைப் பல வருடம் கவனித்த ஆய்வில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. கோவையில் அரவிந்த், சங்கரா கண் மருத்துவமனைகள் கிராமங்களில் முகாம் போடுகின்றன. அடுத்த முகாமுக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போங்கள்.

தேங்காய், கடலை, கொள்ளு

பொள்ளாச்சிப் பக்கத்தில் இதை எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: தேங்காய் எண்ணெய் மறதி நோயைக் குணப்படுத்தும் என்ற வாட்ஸப் செய்திக்கு ஆதாரம் இல்லை. அதில் பெரும்பகுதி நிறைகொழுப்பு. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை அது ஏற்றும். 40, 50 வயதில் எல்டிஎல் கூடுதலாக இருப்பதுதான் பிற்காலத்து டிமென்ஷியாவோடு தொடர்புள்ளது. பொரியலுக்குத் தூவும் தேங்காய்த் துருவலை யாரும் பிடுங்கவில்லை. தினசரித் தாளிப்புக்கும் பொரிப்பதற்கும் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயையோ நல்லெண்ணெயையோ வையுங்கள். எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் கேன் காலியானால் தப்பு எண்ணெயின் ரகத்தில் இல்லை, அளவில்தான். 40 வயதில் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினால், அது மறதியை உண்டாக்கும் என்று பயந்து நிறுத்தாதீர்கள்.

நம் பழைய சாப்பாட்டிலேயே நல்லவை நிறைய. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, முருங்கைக்கீரை, செலவு ரசம், மோர். அரிசியும் பருப்பும் சாதத்தில் அரிசிக்குச் சரிபாதி பருப்பு போட்டு, மேலே ஒரு கரண்டி நெய்க்குப் பதில் ஒரு டீஸ்பூன். ராகிக் களிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சிறுதானியம் என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து இரண்டு உருண்டை சாப்பிடுகிறவர்கள் அதிகம். ராகியும் மாவுச்சத்துதான். கூழாகக் கரைத்துக் குடித்தால் களியைவிட வேகமாக ஏறும். ஒரு உருண்டையோடு கீரையும் பயறும் இருந்தால் சரி. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் சேரும். அஸ்கா சீனியை நிறுத்திவிட்டு அதே அளவுக்கு இவற்றைப் போடுவதில் லாபம் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பொதுவாக 7க்குக் கீழே. வயதாகி, உடம்பு தளர்ந்தவர்களுக்கு 8 வரை விடலாம் என்பதற்குக் காரணம் உண்டு: சர்க்கரை திடீரென்று இறங்குவதும் மூளையைக் கெடுக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளாமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஏகாதசி விரதம் இருப்பதும், பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புவதும் மருந்தின் அளவை மாற்றாமல் செய்யக்கூடிய காரியங்கள் இல்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொண்டு, மடியில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு போகட்டும்.

மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்கள், பான்டாப்ரசோல் போன்ற வாயு மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்கள், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வருடம் ஒருமுறை ரத்தத்தில் பி12 வைட்டமின் பார்க்க வேண்டும். அது குறைந்தால் வரும் மறதி அசல் டிமென்ஷியாபோலவே இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ பெருமளவு சரியாகும், வருடக்கணக்கில் விட்டால் நரம்பு முழுதாகத் திரும்பாது.

ஈரோட்டு மஞ்சளைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது. அது மறதியைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணம் ஆகவில்லை. வல்லாரைக்கும் அதே நிலைதான். குழம்புக்குப் போடுங்கள், மருந்தாக ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட வேண்டாம். விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைப்பது நல்லது. மஞ்சள் தூளுக்குப் பளிச்சென்ற நிறம் வர லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் கலக்கும் மோசடி உண்டு, ஈயம் மூளைக்கு நேரடி விஷம்.

கால் நடந்தால்

வாரம் 150 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் வேக அளவு. "தோட்டத்துல வேலை செய்யறனுங்களே, நடை எதுக்குங்க?" என்பது நியாயமான கேள்வி. மம்மட்டி பிடிப்பவருக்கு வேண்டாம். ஆனால் சொட்டுநீர் போட்டு, செல்போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தி, வரப்பைப் பைக்கில் சுற்றி வருபவர் விவசாயிதான், உழைப்பாளி இல்லை. அவருக்கு நடை வேண்டும். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை எல்லோருக்கும் வாய்க்காது. ஊர்ப்புறத்தில் நாய் துரத்துவதால்தான் பாதிப் பேர் நடையை விடுகிறார்கள். கையில் குச்சியும் கூட ஒரு ஆளும் இருந்தால் அந்தச் சாக்கு போய்விடும்.

நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, எழுந்து உட்காருவது: பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. அடுத்து சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அவையும் அதே அளவு. எங்கே இருக்கிறோம் என்று தெரிய, 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12க்குக் கீழே வந்தால் கால் தளர்ந்திருக்கிறது, விழும் ஆபத்து அதிகம். முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள்.

கும்மியும் சந்தையும்

மூளைக்கு வேலை என்றதும் சுடோகுவையும் செல்போன் விளையாட்டையும் சொல்வார்கள். கொங்கு நாட்டில் அதைவிடப் பொருத்தமான ஒன்று ஊர் ஊராகத் திரும்ப வந்திருக்கிறது: வள்ளி கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளி கும்மி. பாட்டு வரி நினைவில் நிற்க வேண்டும், பாட்டு மாறும்போது அடவு மாற வேண்டும், கைதட்டு தாளத்தில் விழ வேண்டும், முன்னால் போகிறவரைப் பார்த்துக்கொண்டே வட்டத்தில் திரும்ப வேண்டும். மூச்சும் வாங்கும். உடற்பயிற்சி, நினைவுப் பயிற்சி, பத்துப் பேரோடு பேச்சு மூன்றும் ஒரே மணி நேரத்தில். அரங்கேற்றத்துக்கு முன் வாரக்கணக்கில் தினமும் பயிற்சி நடக்கும். 60 வயதுக்காரர் சேரத் தயங்கினால் முதல் இரண்டு வாரம் வெளி வட்டத்தில் கைதட்டு மட்டும் போடட்டும். முழங்கால் தேய்ந்தவர்கள் குதிப்பதை விட்டுவிட்டுக் கால் மாற்றி வைத்தால் போதும். அரங்கேற்றம் முடிந்ததும் நிறுத்திவிடுவதுதான் இதில் வரும் கோளாறு. வாரம் ஒரு நாளாவது தொடரும்படி குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தனிமைக்கு லான்செட் கணக்கில் 5 சதவீதம். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்து வீடான சாளையில் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அடுத்த சாளை அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு ஒரம்பரை (உறவினர்) வருகிற நோம்பி (பண்டிகை) நாளைத் தவிரப் பேச ஆள் இல்லை. இதற்குப் பொதுவான அறிவுரை பயன்படாது, கிழமை குறித்துச் செய்தால்தான் நடக்கும். சந்தை நாளன்று அப்பாருவையே (தாத்தாவையே) பட்டியல் கொடுத்து அனுப்புங்கள். பட்டியல் பாக்கெட்டில் இருக்கட்டும், முதலில் நினைவில் வாங்கி, கடைசியில் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். விலை பேசுவதும் சில்லறை எண்ணுவதும் நல்ல பயிற்சி. "நானே வாங்கிட்டு வந்தறனுங்க, நீங்க எதுக்கு" என்று பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வது அன்புதான், ஆனால் அது மூளைக்குக் கொடுக்கும் விருப்ப ஓய்வு. அம்மிச்சிக்குப் பேரப்பிள்ளைகளோடு பல்லாங்குழியும் தாயமும் போகட்டும். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ அழைப்புக்கு நேரம் குறித்து, "சாப்ட்டீங்களா" என்பதோடு வைக்காமல், கிணற்றுத் தண்ணீர், வாழைத்தார் விலை, யார் வீட்டுக் கல்யாணம் என்று பெரியவர் நினைவு கூர்ந்து சொல்ல வேண்டியதைக் கேளுங்கள்.

துணை இறந்தபின் ஆறு மாதம் தாண்டியும் பசி, தூக்கம், ஆசை எதுவும் திரும்பவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதுவும் பட்டியலில் உள்ள காரணம்தான், சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

மற்றவை, சுருக்கமாக

தலையில் படும் அடியும் பட்டியலில் உள்ள காரணம். ஹெல்மெட்டை ஓட்டுபவர் மட்டும் போடுவது பாதிப் பாதுகாப்பு. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் அம்மாவுக்கும் வேண்டும், தாடை வாரை மாட்டினால்தான் அது ஹெல்மெட். குளியலறையில் வழுக்காத பாயும், சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடியும், ராத்திரி எரியும் சின்ன பல்பும் வையுங்கள்.

டாஸ்மாக் குவார்ட்டர் ஒன்றில் 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். வாரம் 168 கிராமைத் தாண்டுவதையே ஆபத்தாகக் கணக்கிடுகிறார்கள். மூன்று குவார்ட்டரில் அது தாண்டிவிடும். தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் துணையோடு நிறுத்தவும். பீடி, சிகரெட்டை எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. பொடக்காலியில் வெந்நீருக்கு மட்டையும் பிளாஸ்டிக்கும் சேர்த்து எரிக்கும் பழக்கம் இருந்தால் பிளாஸ்டிக்கை முதலில் நிறுத்துங்கள். புகையும் மூளைக்கு ஆகாது, பற்றவைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மாத்திரைகளில் சில மறதியைத் தாமே உண்டாக்கும். அரிப்புக்கும் சளிக்கும் கேட்டு வாங்கும் ஏவில், குளோர்பெனிரமைன், தூக்கத்துக்கு அல்பிரசோலம், வலிக்கு அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில். வயதானவர்களுக்கு இவை குழப்பத்தையும் விழுவதையும் கூட்டும். அல்பிரசோலத்தை நாமாக நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலமாகக் குறட்டைவிட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவருக்குத் தேவை தூக்கப் பரிசோதனை, தூக்க மாத்திரை அல்ல.

ஏற்கெனவே மறதி தெரிந்தால்

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, 30 வருடமாகப் போன வழியில் தடுமாறுவது, தினம் வைக்கும் குழம்பில் படிகள் மாறிப்போவது, பணக்கணக்கும் மாத்திரைக் கணக்கும் கைநழுவுவது இவை வேறு. "வயசானா அப்படித்தானுங்க" என்று தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு, பி12, சோடியம் குறைவு, மனச்சோர்வு, மண்டைக்குள் மெதுவாகச் சேர்ந்த ரத்தக்கட்டு என்று திருப்பக்கூடிய காரணங்கள் பல. அதிலும் இரண்டு, மூன்று நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது அனேகமாகக் கிருமித்தொற்றோ, உப்புக் குறைவோ, ரத்தக்கட்டோதான், அன்றைக்கே மருத்துவமனை.

கோவை, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காட்டலாம். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், லேகியம், தைலம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மாதம் முதலில் என்ன கவனித்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் பிரஷர் கணக்கும் அதிலேயே இருக்கட்டும். கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டபடி கூட்டிப் போக வேண்டும், இல்லாவிட்டால் நினைவுச் சோதனையில் கேள்வி காதில் விழாததற்கும் மதிப்பெண் குறையும். கூடப் போகிறவர் அவரோடு தினமும் இருப்பவராக இருக்கட்டும், ஊரிலிருந்து லீவில் வந்தவர் வேண்டாம்.